மாப்பிள்ளை வராத விருந்து

மகனே,

வியாழக்கிழமை மத்தியானம் நீ வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்து, "அம்மா, நீங்களே மெய்க்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ, எனக்கு இப்ப சீனாவுக்கு வர லீவு எடுக்கேலாது எண்டு. நீங்கள் சொன்னால் அவள் கேப்பாள்" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். திரும்ப இரண்டு தரம் எடுத்தாய். இணைப்பு அறுபடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டி, ட்வெய்ட்டாவில் உன் வீட்டுக் கடிதப் பெட்டிக்குள் போடப் போவதில்லை. நம்முடைய ஆட்கள் ஆண்டுக்கொரு தடவை போடுகிற மலருக்குக் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. உன் மனைவியைக்கூட நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற பாதிப் பெயரால்தான் எழுதுகிறேன். வேறு வீடுகளில் இருக்கிற அம்மாக்களும் வாசிக்கட்டும். மகன்மாருக்காகப் பொய் சொல்வதில் நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று நான் நினைக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்காக. மெய் சீனாவிலிருந்து நோர்வேக்குப் படிக்க வந்தவள். இங்கேயே ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தாள், உன்னைக் கண்டாள், சித்திரையில் உங்கள் கலியாணம் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். என் பக்கத்தில் நானூறு பேர், அவள் பக்கத்தில் அவளோடு படித்த ஆறு பேர். அவளுடைய தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துபோயிருந்தது. விமானத்தில் இவ்வளவு தூரம் வர முடியாது. தாய் அவரை விட்டுவிட்டு வரமாட்டா. மணவறையில் இருந்தபடியே நீ தொலைபேசித் திரையைப் பார்த்து, அவள் சொல்லித்தந்த சீனச் சொற்களில், இலையுதிர் கால விடுமுறைக்குக் கட்டாயம் வருவேன் என்று அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்தாய். சனம் கைதட்டியது. எனக்கும் பெருமையாக இருந்தது. நானும் உங்களோடு வருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன்.

வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது நீ அம்மருட்டில் என் வீட்டுக்கு வந்தாய். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாய்.

"அம்மா, யொப்பிலை பெரிய அவசரம். நான் இந்தமுறை வரேல்லை. நீங்களும் மெய்யும் போங்கோ. நான் தைக்குப் பிறகு போறன்."

"அங்கை ஊருக்கெல்லாம் சொல்லியாச்சாம் தம்பி. உனக்கெண்டு விருந்து வைச்சிருக்கினமாம்."

"விருந்துதானே அம்மா. சாப்பாடு. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

அந்தச் சொல்லுக்கு நான் அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரி ராசா, வேலைதானே முக்கியம்" என்று சொல்லி, உனக்குக் கட்டிவைத்திருந்த பெட்டியைத் திறந்து உன் சட்டைகளை வெளியே எடுத்து வைத்தேன். நீ புது வேட்டி வேண்டாம் என்பாய் என்று நினைத்து, கலியாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியையே தோய்த்து மடித்து வைத்திருந்தேன். அதையும் எடுத்து வைத்தேன். மெய் விமானத்தில் ஒன்பது மணித்தியாலம் பேசவில்லை. நானும் அவளும் நொஸ்க்கில், இந்த நாட்டு மொழியில்தான் கதைப்போம். எனக்கு அதில் அவ்வளவு சரளம் இல்லை, அவளுக்கும் இல்லை. அதனால் பேசாமல் இருப்பது எங்களுக்குள் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் இருந்தது வேறு மாதிரி.

அவர்களுடைய ஊர் நான்சாங் என்ற பெரிய நகரத்திலிருந்து இரண்டரை மணித்தியால ஓட்டம். மெய்யின் தமையன் வான் கொண்டுவந்து ஏற்றிப் போனார். ஊர் வாசலில் ஒரு நூறு பேராவது நின்றிருப்பார்கள். வான் நின்றதும் வெடி கொளுத்தினார்கள். புகையில் ஒருவர் முகமும் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து உன் மாமனார் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். புதிய நீல மேற்சட்டை, கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. நான் இறங்கினேன், மெய் இறங்கினாள். அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வானுக்குள் குனிந்து பார்த்தார். பின் இருக்கையைப் பார்த்தார். பிறகு பொல்லை ஊன்றி மற்றப் பக்கம் சுற்றிப் போய் அங்கேயும் பார்த்தார். நீ விளையாட்டுக்கு ஒளித்திருக்கிறாய் என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பி வந்து மெய்யிடம் இரண்டே சொல்லில் ஏதோ கேட்டார். அது என்ன என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

மெய் வாயைத் திறந்தாள். வேலை என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கிழவருடைய முகத்தைப் பார்த்தபடி அந்தச் சொல்லைக் கேட்க என்னால் முடியவில்லை. நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"நில் மெய். அவனுக்கு ஒப்பரேசன் எண்டு சொல்லு. குடல்வால். திடீரெண்டு ஆஸ்பத்திரியிலை வைச்சிட்டினம் எண்டு சொல்லு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பிடிச் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"ஓம். சொல்லு."

அவள் சொன்னாள். மெய் என்று பெயர் வைத்த பிள்ளையின் வாயால், பெற்ற தகப்பனுக்குப் பொய் சொல்ல வைத்தவள் நான். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். நீ கேட்கக்கூட இல்லை. கேட்காமலே செய்து பழகிவிட்டேன்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பன்னிரண்டு வட்ட மேசை. ஊர் ஆண்கள் ஆறு பேர், மண்வெட்டி அளவு அகப்பைகளால் பெரிய தாச்சிகளில் கிளறிக்கொண்டிருந்தார்கள். நீ நினைப்பதுபோல் அவர்களுடைய சாப்பாடு சப்பென்று இல்லை. உறைப்பு, எங்களுடைய உறைப்புக்கு ஒரு பங்கு கூட. மீன், தாமரைக் கிழங்கு, அரிசி மாவில் புரட்டி அவித்த இறைச்சி, வெள்ளிக்கிழமை நான் மரக்கறி என்று மெய் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எனக்கென்று தனியாக அவித்துப் பொரித்த சோயாக் கட்டி. நடு மேசையில் மெய்யின் பக்கத்தில் ஒரு கதிரை, முதுகில் சிவப்புக் கடதாசி ஒட்டி வைத்திருந்தது. அது உன்னுடையது. அதை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உன் மாமனார் என் முழங்கையைப் பிடித்துக் கொண்டுவந்து என்னை அதில் இருத்தினார். மாப்பிள்ளையின் கதிரையில் மாப்பிள்ளையின் தாய். பிறகு அவர் வலது கையில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று ஊருக்குச் சொன்னார். மெய் என் காதுக்குள் சொன்னாள்: "'எங்கடை மருமகன் ஆஸ்பத்திரியிலை இருக்கிறார். அவருக்கும் சேத்து எல்லாரும் சாப்பிடுங்கோ' எண்டு சொல்லுறார்." பன்னிரண்டு மேசைச் சனமும் எழுந்து என்னைப் பார்த்துக் கிண்ணத்தைத் தூக்கியது. ஒரு நோயும் இல்லாத உன் வயிற்றுக்காக.

அன்று பின்னேரம் முதல் சாமான் வரத் தொடங்கியது. ஒருத்தி முப்பது முட்டை கொண்டுவந்தாள். இன்னொருத்தி கருங்கோழி ஒன்றைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். சத்திரசிகிச்சை செய்த உடம்புக்கு நல்லதாம். விமானத்தில் கோழி கொண்டுபோக முடியாது என்று மெய் சொன்னபோது, அப்படியானால் தாய்க்காவது சமைத்துக் கொடுங்கள், மகனை நினைத்து இளைத்துப்போயிருக்கிறா என்றாளாம். வயது போன பெண்கள் என் வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுக்காட்டி, இங்கேதானே வெட்டினார்கள் என்று சைகையால் கேட்டார்கள். நான் தலையாட்டினேன். எத்தனை தரம் தலையாட்டினேன் என்று நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

இந்த இடத்தில் உனக்கு நான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் நான் இங்கிருந்து முதல்முதலாக யாழ்ப்பாணம் திரும்பிப் போனபோது உனக்கு எட்டு வயது. உன் அப்பா உயிரோடு இருந்த காலம். அவர் எங்களோடு வரவில்லை. என் தமையன்மாரோடு அவருக்கு ஏதோ மனத்தாங்கல். விடுமுறை எடுத்துவிட்டு, சினேகிதர்களோடு மீன்பிடிக்கப் போனார். வீட்டில் எல்லோரும் மருமகன் எங்கே என்று கேட்க, லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன். நீ வாய் நிறையப் பணியாரத்தோடு, "இல்லை, அப்பா மீன்பிடிக்கப் போட்டார். புதுத் தூண்டில் எல்லாம் வாங்கினவர்" என்றாய். உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய் அடித்தேன். இங்கே நோர்வேயில் நான் உன் மேல் கை வைத்ததில்லை. அங்கே கேட்க ஆளில்லை என்ற துணிவு. நீ அழுதுகொண்டே, "பொய் சொன்னது நீங்கள்தானே அம்மா?" என்று கேட்டாய். அதற்கு இன்னொரு அடி அடித்தேன். முதல் அடியை அவசரத்தில் அடித்தேன் என்று சொல்லலாம். இரண்டாவது அடிக்கு ஒரு நியாயமும் இல்லை. உண்மை சொன்னால் அடி விழும், அம்மா பொய் சொல்லிச் சமாளிப்பா என்று உனக்குப் படிப்பித்தவள் நான். அதற்குப் பிறகு உன் பாடசாலைக்கு எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்தேன், தலையிடி என்றும் காய்ச்சல் என்றும். அந்தக் குற்றம் என்னுடையது. ஆனால் அதைக் காட்டி நீ தப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. எட்டு வயதில் அடி வாங்கினவன் முப்பது வயதில் தன் வாக்கைத் தான் காப்பாற்ற வேண்டும்.

நாலாம் நாள் உன் மாமனார் மெய்யிடம், மருமகன் விரால் மீன் சாப்பிடுவாரோ என்று கேட்டார். அவர் மீன் வளர்க்கிறவர். வீட்டுக்குப் பின்னால் குளம். வெட்டுக் காயம் ஆற விராலைப்போல் ஒன்றும் இல்லையாம். நம்முடைய ஊரிலும் அப்படித்தானே சொல்வார்கள். பிடித்துக் காயவைத்துத் தந்தால் கொண்டுபோகலாம் என்றார். "வேண்டாம் எண்டு சொல்லு மெய். அவரைக் குளத்துப் பக்கம் போக வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். அவர் சிரித்தார். முப்பது வருடமாக இறங்கி ஏறுகிற குளம் என்றார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

அடுத்த நாள் காலை நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, பின் பக்கத்தில் மெய்யின் தாய் கத்துகிற சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். அவர் நெஞ்சளவு சேற்றுத் தண்ணீரில், கரையைப் பிடிக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். வழங்குகிற வலது கையால் வலையை இழுத்திருக்கிறார், கால் வழுக்கியிருக்கிறது, அந்தக் கையையே ஊன்றி விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். முகம் சாம்பல் நிறம். ஆனால் கரையில் இருந்த கூடைக்குள் விரால் துடித்துக்கொண்டிருந்தது. விழுவதற்கு முன்னமே பிடித்துப் போட்டுவிட்டார். அவரைப் பலகையில் கிடத்திக் கொண்டுபோகும்போது அவர் மெய்யிடம் ஏதோ முனகினார். என்ன என்று கேட்டேன். "மீனை வெயிலிலை விடாதை எண்டுறார்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

நான்சாங்கில் நாங்கள் பார்க்கிறதற்கு எத்தனையோ இடம் என்று தமையன் பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஆறு, கோபுரம், கடைத்தெரு. நான் பார்த்தது ஆஸ்பத்திரியின் பதினோராம் மாடி. தோளுக்குக் கீழே எலும்பு முறிவு. வெட்டத் தேவையில்லை, ஆனால் இரண்டு மாதமாவது கையை உடம்போடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும் என்றார்கள். இடது கை பாரிசவாதத்தில் போயிற்று. வலது கை கட்டுக்குள். நான் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இது என்ன என்று எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. மூக்கில் அரிப்பு எடுத்தாலும் ஆளைக் கூப்பிட வேண்டும். மெய்யின் தாய் கட்டிலின் ஓரத்தில் இருந்து அவருக்கு ஊட்டினா. ஒவ்வொரு கரண்டி வரும்போதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆண்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அது வெட்கம். உழைத்துச் சாப்பிட்ட மனிதனுக்கு வருகிற வெட்கம்.

அந்த இரண்டு நாளும் மெய் உனக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். நீ எடுக்கவில்லை. அவசர வேலை, தொலைபேசியை நிறுத்தி வைத்திருப்பான் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி விறாந்தையில் அவள் தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். உன்னோடு வேலை செய்கிறவனின் மனைவி போட்ட படம். வால்ட்ரெஸ் பக்கத்தில் உன் முதலாளியின் ஹித்த, அந்த மலைக் குடில். நடுவில் நெருப்பு. நீ கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோப்பிக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"இதுதான் யொப்போ?" என்று கேட்டாள்.

நான் அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா? "முதலாளி கூப்பிட்டால் போகத்தானே வேணும் பிள்ளை. அதுவும் வேலை மாதிரித்தான்" என்றேன். தகப்பன் உள்ளே கை முறிந்து கிடக்க, அவளுடைய முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

"அம்மா, போதும்" என்றாள்.

நான் அறைக்குள் போனேன். அவளும் வந்தாள். "நான் ஒண்டு சொல்லப்போறன், அதை அப்பாவுக்குச் சொல்லு" என்றேன். "மாட்டன். ஒருக்கா உங்கடை பொய்யைச் சொன்னது காணும். இதை நீங்களே சொல்லுங்கோ" என்றாள். தமையன் தன்னுடைய தொலைபேசியில் மொழிபெயர்க்கிற செயலியைப் போட்டு என் கையில் தந்தார். நான் கதைக்கிற தமிழ் அதற்கு விளங்கவில்லை, ஏதோ உளறியது. அதனால் செய்தி வாசிக்கிறவர்கள்போல் ஒவ்வொரு சொல்லாக, புத்தகத் தமிழில் சொன்னேன். உங்கள் மருமகனுக்கு நோய் எதுவும் இல்லை. நான் பொய் சொன்னேன். அவன் வேறு இடத்துக்குப் போய்விட்டான். உங்கள் கை முறிந்ததற்கு நான்தான் காரணம். தொலைபேசியிலிருந்து ஒரு பெண்ணின் குரல், கோபமும் இல்லாமல் துக்கமும் இல்லாமல், அதைச் சீனத்தில் சொல்லி முடித்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெய்யிடம் கேட்டார். இதை மட்டும் அவள் எனக்குச் சொன்னாள்: "'அப்ப வயித்திலை வெட்டு ஒண்டும் இல்லையோ' எண்டு கேக்கிறார்."

"இல்லை" என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு சொல் சொன்னார்.

"நல்லது எண்டுறார்."

அதைச் சொல்லிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மெய்யின் தாய்தான் எழுந்து நின்று கத்தினா. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவரும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை, என் மகளுக்கு இப்படி நடந்திருந்தால் நானும் அதைத்தான் கத்தியிருப்பேன். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். உனக்கு விழ வேண்டியதை என் காது வாங்கிக்கொண்டது. மறுநாள் அவ சாப்பாட்டுப் பெட்டியை என் முன்னால் டொக்கென்று வைத்தா. என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை. நான் வெளிக்கிடும்போது உன் மாமனார் கண்ணைத் திறந்து ஒரு தரம் தலையை அசைத்தார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதை தெரிந்த மனிதர், விருந்தாளியை அனுப்பி வைத்தார், அவ்வளவுதான். மெய் அங்கேயே நின்றுவிட்டாள்.

நீ விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு வந்தாய். காரில் ஏறினதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஏதோ வாங்க வேண்டும் என்று காரைத் திருப்பிக்கொண்டே நீ சொன்னாய்: "பாவம்தான். எண்டாலும் அம்மா, பாரிசவாதம் வந்த மனுசனைக் குளத்துக்குள்ளை இறங்கச் சொல்லி ஆர் சொன்னது?" கார் நின்றதும் என் பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். பின்னால் நீ கூப்பிட்டது கேட்டது. ஆர் சொன்னதோ? நான் சொன்ன பொய் சொன்னது. நீ வராத வெறுமை சொன்னது. முன்பின் காணாத ஒருவனைத் தன் பிள்ளை என்று நம்பின மனம் சொன்னது. இதைவிட வேறு ஆள் வேண்டுமா உனக்கு?

அந்த ஹித்த உனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இலையுதிர் விடுமுறை வந்தால் உன் வகுப்புப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு காருக்கு மேலே சாமான் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். நீ அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருப்பாய். ஒருவரும் உன்னைக் கூப்பிடவில்லை. ஏன் அம்மா எங்களுக்கு ஹித்த இல்லை என்று கேட்டாய். இருபது வருடம் கழித்து ஒருவன் கூப்பிட்டான், அதுவும் முதலாளி. உன் மனம் எப்படித் துள்ளியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் கூடக் கோபம் வருகிறது. ஒருவரும் கூப்பிடாமல் நின்ற பிள்ளைக்கு, பன்னிரண்டு மேசை போட்டுக் கூப்பிட்டவர்களின் அருமை தெரிய வேண்டாமா? அந்த முதலாளி உன்னைக் கூப்பிட ஆறு வருடம் எடுத்தான். இந்த மனிதர் உன்னைத் தொலைபேசித் திரையில் கண்ட அன்றைக்கே கதிரையை எடுத்து வைத்தார். "மாமனாற்றை வீட்டை போறன், அடுத்தமுறை வாறன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் உன்னை வேலையால் நிறுத்தியிருப்பானா? குடும்பம் என்று சொன்னால் இந்த நாட்டில் மந்திரிகூட வேலையை விட்டுவிட்டுப் போகிறான். நீ உன் மனைவியின் ஆட்களை அவனிடம் சொல்ல வெட்கப்பட்டாய். அதுதான் உண்மை. மறுத்துச் சொல்லு பார்ப்போம்.

இதை இந்த அளவுக்கு எழுதி வைத்திருந்தபோது, நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நான் தேத்தண்ணீர் வைக்கப் போன நேரம் மேசையில் கிடந்ததை எடுத்து வாசித்தாய். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கேத்தில் கொதித்து ஆறி, நான் இன்னொரு தரம் கொதிக்க வைத்தேன். நீ நிமிர்ந்தபோது உன் முகம் சிவந்திருந்தது.

"இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ அம்மா. நான் போறன். சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திட்டன்."

"லீவு இல்லையெண்டு சொன்னனி?"

"நீங்கள் போனை வைச்ச பிறகு கேட்டனான். தந்திட்டார்."

"என்னெண்டு கேட்டனி?"

நீ தயங்கினாய். பிறகு, "மாமாவுக்குப் பெரிய ஒப்பரேசன் எண்டு…" என்றாய்.

மகனே, இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் எனக்கு உன்னை அடிக்க வேண்டும்போல் கை எழுந்தது. அடிக்கவில்லை. உன் தொலைபேசியை உன் முன்னால் தள்ளி வைத்தேன். "எடு. இப்பவே எடுத்துச் சொல்லு. அவருக்கு ஒப்பரேசன் இல்லை. நான் வாக்குக் குடுத்திட்டுப் போகாமல் உன்னோடை வந்து நெருப்புக் காய்ஞ்சனான், அதாலை அந்த மனுசன் கை முறிஞ்சு கிடக்கிறார், மன்னிப்புக் கேக்கப் போறன் எண்டு சொல்லு" என்றேன். நீ அம்மா, அம்மா என்றாய். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் எடுத்தாய். நொஸ்க்கில்தான் சொன்னாய், எனக்கு எல்லாம் விளங்கியது. அவன் என்ன சொன்னான் என்று நீ எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் வேலைக்கு என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியாது. தொலைபேசியை வைத்துவிட்டு நீ என்னைப் பார்த்தபோது, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவேன் என்று எதிர்பார்த்தாய் போலிருந்தது. கிழிக்கமாட்டேன். நாளைக்கு மலர்க்காரர்களிடம் கொடுக்கிறேன். மருமகள் எங்கே என்று கோயிலில் கேட்கிறவர்களுக்கெல்லாம் தகப்பனுக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் புளித்துவிட்டது. இனி வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ வருகிறாய் என்று மெய்க்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயே சொல்லு, அல்லது சொல்லாமல் போய் நில்லு. உன் மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். ஊர் வாசலில் இந்தமுறை வெடி இருக்காது. மாமியார் கத்துவா, கத்தி முடியும் வரைக்கும் நின்று கேள். மெய்யை மொழிபெயர்க்கக் கூப்பிடாதே. மணவறையில் இருந்து சொன்னாயே, அந்த அளவு சீனம் உனக்கு இன்னும் வரும். மன்னிப்புக்கு உரிய சொல்லை விமானத்தில் பாடமாக்கு. முதலாளியின் கதையை அங்கே கொண்டுபோகாதே. நான் உனக்குச் செய்த பிழைகளையும் அங்கே சொல்லாதே. சாப்பாட்டு நேரம் வரும். அப்போது மாமியாரின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு அந்த மனிதருக்குப் பக்கத்தில் இரு. அவர் உன்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கஞ்சி ஆறிப் போகலாம். உன் கை நோகலாம். அவர் வாயைத் திறக்கும் வரைக்கும் கரண்டியைக் கீழே வைக்காதே.

அம்மா